எந்தப் பெயருக்கு வந்தாலும்

அந்த மெயில் வந்திருந்த முகவரியை அவளோ அக்காவோ உருவாக்கவில்லை. முன்னால் ‘வாசல்’ என்று ஆங்கில எழுத்தில் இருந்தது. பின்னால் அக்காவின் டொமைன், அவள் தொழிலின் இணையப் பெயர். அனுப்பியவர் இருக்க வேண்டிய இடம் காலி. தலைப்பு இல்லை. திறந்து பார்த்தாள். உள்ளே ஒரு எழுத்துகூட இல்லை.

அழித்தாள். பிறகு, ஏனென்று தெரியாமல், நாற்காலியை விட்டு எழுந்து சன்னல் வழியாகக் கீழே பார்த்தாள்.

மழைக்கு முந்தைய மத்தியானம். வெளிச்சம் அழுக்குத் தண்ணீர் போலத் தெருவில் தேங்கி நின்றது; எதிர்வீட்டு மதிலில் ஒரு காகம் அலகைத் திறந்தபடி சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. கேட் திறந்து கிடந்தது. கணவன் வேலைக்குப் போகும்போது கேட்டைச் சாத்தி, கொண்டியை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போவான். காற்றில் திறந்திருக்கும் என்று நினைத்தாள்.

காற்று இல்லை.

“அம்மா, தண்ணி.”

உள் அறையிலிருந்து சுண்டுவின் குரல். மகளுக்குக் காய்ச்சல், விடுவதும் அடிப்பதுமாக இருந்தது. பள்ளிக்கூடம் போகாத சந்தோஷம் முதல் நாளோடு தீர்ந்துவிட்டது. அவள் தண்ணீர் எடுத்துக்கொண்டு நடையைக் கடந்து போனாள். மாடி வீடு. வெளியே படி, ஏறியதும் கதவு, கதவைத் திறந்தால் கூடம். கூடத்திலிருந்து ஒரு நீளமான இருட்டு நடை. ஒரு பக்கம் சமையலறை, ஒரு பக்கம் குளியலறை. நடை முடிகிற இடத்தில் உள் அறை. அந்த வீட்டில் எங்கே போவதென்றாலும் நடையைத் தாண்டியாக வேண்டும்.

“கசக்குது.”

“தண்ணி எங்கயாவது கசக்குமா? வாய்தான் கசக்குது.”

“அப்ப வேற வாய் குடு.”

“உங்க அப்பா வரட்டும், வாங்கிட்டு வரச் சொல்றேன். படு.”

நெற்றி கொதித்தது. ஈரத்துணியைத் திருப்பிப் போட்டாள். சுண்டு அவள் விரலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். அந்தப் பிடி தளர்கிறவரை அப்படியே நின்றிருந்துவிட்டுத் திரும்பினாள்.

மேசையில் லேப்டாப். திரையில் அக்காவின் கண்ட்ரோல் பேனல், மெயிலையும் வெப்சைட்டையும் ஆட்டிவைக்கும் பக்கம்.

அக்காவின் என்று இன்னும் வாயில் வருகிறது. ஆரம்பித்தது இருவரும். சின்னச் சின்னக் கடைக்காரர்களுக்கு டொமைன் வாங்கித் தந்து, வெப்சைட்டை சர்வரில் ஏற்றி, மெயில் பெட்டி உண்டாக்கித் தரும் வேலை. பெயர் யோசித்தவள் இவள். முதல் வாடிக்கையாளரைப் பிடித்தவள் இவள். சுண்டு வயிற்றில் இருந்தபோது, “நீ கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு” என்றாள் அக்கா. பாஸ்வேர்டு மாறியது. ரெஸ்ட் முடியவே இல்லை. பிள்ளை பிறந்ததற்கு அக்கா பார்க்க வரவில்லை, பேச்சு நின்றது, பிறகு அக்காவின் கணவர் வீட்டைவிட்டுப் போனார் என்று கேள்விப்பட்டபோது இவள் அழவும் இல்லை, ஆச்சரியப்படவும் இல்லை. அக்கா செத்தது பல நாள் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அந்த வீட்டில் யாரும் குடியில்லை என்றே நினைத்திருந்தாராம்.

நகை வேண்டாம், வீடு வேண்டாம் என்றாள். பேனல் மட்டும் போதும். பாஸ்வேர்டை மாமாதான், அக்காவின் கணவர்தான், அனுப்பினார். கூடவே ஒரு வரி: எதையும் மாற்றாதே.

அதை வாங்கியதே மாற்றத்தான். நேற்றுக் காலை உட்கார்ந்த கையோடு இரண்டை மாற்றினாள்.

ஒன்று, டொமைனின் உரிமையாளர் முகவரி. டொமைன் என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு வீட்டு முகவரி வேண்டும். அக்காவின் தெருவை அழித்து இந்தத் தெருவைப் போட்டாள். விசையில் விரல் வைக்கும்போது ருசியாக இருந்தது.

இரண்டு, மெயில். ஒரு டொமைனுக்குக் கீழே எந்தப் பெயரைப் போட்டும் யாரும் எழுதலாம். அந்தப் பெயரில் பெட்டி இருந்தால் போய்ச் சேரும். இல்லாவிட்டால் என்ன செய்வது என்று பேனலில் ஒரு மூலையில் சொல்லி வைக்க வேண்டும். அக்கா சொல்லி வைத்திருந்தது: திருப்பி அனுப்பு, ‘இப்படி ஒருவர் இங்கே இல்லை’ என்று பதில் போடு. அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாசலிலேயே ஆளை நிறுத்திப் பேசி அனுப்புவது அக்காவின் பிறவிக் குணம். இவள் அதை எடுத்துவிட்டு அடுத்ததைத் தேர்ந்தெடுத்தாள். எந்தப் பெயருக்கு வந்தாலும் வாங்கிக்கொள், என்னிடம் கொடு. வாடிக்கையாளர் ஒருவர்கூட எழுத்துப்பிழையால் தவறிப் போகக் கூடாது. இனி இது அவளுடைய கடை.

போன் அடித்தது. பல் டாக்டர். அக்காவின் பழைய வாடிக்கையாளர்.

“ஏம்மா, நேத்து ஒரு மெயில் போட்டேன். கிடைச்சுதா?”

“எந்த முகவரிக்கு சார்?”

“அதான். தப்பா போட்டுட்டேன். ஆனா திரும்பி வரல. உங்க அக்கா இருந்த வரைக்கும் ஒரு எழுத்து தப்பினாலும் போதும், அடுத்த நிமிஷம் மூஞ்சில அடிச்ச மாதிரி திரும்பி வந்துரும். இப்ப வரல. அதான் யாரு வாங்கி வெச்சிருக்காங்கன்னு ஒரு சந்தேகம்.”

“நான்தான் சார். இனிமே எதுவும் திரும்பாது.”

“அப்படியா. நல்லது.” ஒரு நொடி நிறுத்தினார். “உங்க அக்கா எதையும் ஒரு காரணத்தோடதான் செய்வாங்க. சரி, நமக்கென்ன. சொத்தைப் பல்லு தெரிஞ்ச அளவுக்கு எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது.”

போனை வைத்தபோது அவளுக்கு வாயெல்லாம் கசந்தது. செத்தும் அக்காதான்.

அடுத்த மெயில் வந்திருந்தது. ‘படி.’

காலி.

இது அவளுக்குத் தெரியும். குப்பை மெயில் அனுப்புகிறவர்கள் செய்கிற வேலை. டொமைனைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ பெயர்களைப் போட்டு வெறும் மெயிலாக அனுப்பிப் பார்ப்பார்கள். அவர்களுக்குச் சொல்ல எதுவும் இல்லை. திரும்பி வருகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். திரும்பினால் அங்கே ஆள் இல்லை. திரும்பாவிட்டால் இருக்கிறது. கதவைத் தட்டிவிட்டுக் காது கொடுத்துக் கேட்பது போல.

ஆனால் அவர்கள் விற்பனை, கணக்கு, உதவி என்றுதான் கேட்பார்கள். படி என்று எவன் கேட்பான்?

மழை பிடித்தது. முதலில் சன்ஷேடில் நாலு சொட்டு, பிறகு சடசடவென்று தகரத்தில் அரிசி கொட்டுவது போல, பிறகு எல்லாச் சத்தத்தையும் தனக்குள் இழுத்துக்கொள்ளும் ஒரே இரைச்சலாக. அந்த இரைச்சலுக்கு அடியில், அதோடு சேராமல், வெளிப்படியில் மணல் நெரிபடும் சத்தம் அவளுக்குக் கேட்டது. செருப்பில்லாத கால். ஒரு படி. நின்றது. அடுத்த படி. ஏறுகிறவர் ஒவ்வொரு படியிலும் நின்று அனுமதி கேட்டுவிட்டு ஏறுவது போல.

கணவன் வரும் நேரம் ஆகவில்லை. சாமான் கொண்டுவருகிறவர்கள் இரண்டிரண்டு படியாகத் தாவித்தான் வருவார்கள்.

சத்தம் மேலே வந்து நின்றது.

அவள் மணி அடிக்கக் காத்திருந்தாள்.

மணி அடிக்கவில்லை. லேப்டாப்தான் சின்னதாக ஒலித்தது. ‘கதவு.’

அவள் திரும்பிக் கதவைப் பார்த்தாள். பழைய மரக்கதவு, தாழ்ப்பாளுக்கும் சட்டத்துக்கும் நடுவில் விரல் நுழையாத அளவு ஒரு தொளதொளப்பு இருக்கும், காற்றடித்தால் டக்கென்று ஒரு சத்தம் போடும். அந்தத் தொளதொளப்பு அடைபட, கதவு இப்போது மெதுவாக, சத்தமே இல்லாமல், உள்பக்கமாக நகர்ந்தது. யாரோ தோளை வைத்துச் சாய்ந்து நிற்பது போல. தள்ளவில்லை. சாய்ந்து நின்றது. கதவிடுக்கு வழியாக ஒரு வாடை வந்தது. மின்சாரம் நின்று வெகுநாள் திறக்காமல் கிடந்த குளிர்பெட்டியைத் திறந்தால் வருமே, அது. அக்கா வீட்டுச் சாமான்களை அள்ளப் போன அன்று அந்த வாடை அவள் புடவையில் ஏறி, இரண்டு துவைப்புக்குப் பிறகுதான் போயிற்று.

கதவில் பார்க்கும் துளை இருந்தது. அவள் போகவில்லை.

மாமாவைக் கூப்பிட்டாள்.

“சொல்லும்மா. பாப்பா எப்படி இருக்கா?”

“காய்ச்சல். மாமா, அக்காவோட மெயில் செட்டிங்…”

எதிர்முனையில் டிவிச் சத்தம் நின்றது.

“மாத்திட்டியா?”

“எல்லாம் எனக்கு வர்ற மாதிரி போட்டேன்.”

“எதையும் மாத்தாதேன்னு எழுதினேனே.”

“ஏன்னு எழுதினீங்களா? அக்கா விட்டுட்டுப் போனத காவல் காக்க வந்த ஆளா நான்?”

அவர் கோபப்படவில்லை. “எது வரைக்கும் வந்திருக்கு?”

“என்ன எது வரைக்கும்?”

“கடைசியா எந்தப் பேருக்கு வந்துச்சு?”

அவள் திரையைத் திரும்பிப் பார்த்தாள். “கதவு.”

“பாப்பா எங்க?”

“உள்ள. படுத்திருக்கா.”

“கேளு. நடுவுல பேசாத. உங்க அக்காவும் ஒரு தடவை உன்ன மாதிரிதான் போட்டா. ஒரு கஸ்டமரும் தவறிரக் கூடாதுன்னு. அக்காவும் தங்கச்சியும் அதுல ஒரே ரத்தம். கூடம் வரைக்கும் வந்துருச்சு. அரண்டு போய், எது கேட்டாலும் இல்லன்னு திருப்பற மாதிரி மாத்தினா. நின்னுருச்சு. ஆனா அது கேக்கறத நிறுத்தலம்மா. நமக்குத் தெரியல, அவ்வளவுதான். எத எதயோ கேட்டிருக்கு, ஒவ்வொண்ணுக்கும் இல்ல, இல்லன்னு போயிருக்கு. ஒரு நாள் என் பேரக் கேட்டிருக்கணும்.”

“நீங்கதான விட்டுட்டுப் போனீங்க?”

“ஊரு அப்படித்தான் சொல்லுது. நீயும் என் மூஞ்சிக்கு நேராவே சொன்ன.” அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். “சாயங்காலம் வந்து கதவத் தட்டினேன். திறந்தா. என்னத் தாண்டித் தெருவப் பாத்தா. யாரயும் காணோமேன்னு சாத்திட்டா. பின்பக்கமா உள்ள போய் அவ முன்னாடி நின்னேன். கையப் பிடிச்சேன். கொசு உக்காந்த மாதிரி தேச்சு விட்டா. உதறியிருந்தாகூட மனசு ஆறியிருக்கும். மாசக்கணக்கா அந்த வீட்லயே இருந்தேம்மா. எனக்கு ஒரு தட்டு வெப்பா, நான் வரலியேன்னு அழுவா. நான் எதிர்லயே உக்காந்திருப்பேன்.”

கதவு அப்படியே உள்பக்கம் சாய்ந்திருந்தது.

“மத்தவங்களுக்கெல்லாம் நான் இருக்கேன். அவளுக்கு மட்டும் இல்ல. ஒரு தடவை போன பதில் போனதுதான், திருப்ப முடியாது. ஆமான்னு போனாலும் அப்படித்தான். பாப்பாவ தூக்கிட்டு வெளிய வந்துரு. அவ பேரக் கேக்கறதுக்குள்ள.”

“கேட்டா?”

“ஆமான்னு போனா அது அவகிட்டப் போயிரும். இல்லன்னு போனா…”

“மாமா, கதவுலதான் அது நிக்குது. நான் எப்படி வெளிய…”

லேப்டாப் ஒலித்தது.

‘கூடம்.’

கதவு பழைய இடத்துக்குத் திரும்பியது. தொளதொளப்பு மீண்டும் வந்தது, தாழ்ப்பாள் டக்கென்றது. வெளியே யாரும் சாய்ந்திருக்கவில்லை.

கூடத்தில்தான் அவள் இருந்தாள்.

மழைக்குப் பயந்து துணிகளைக் கூடத்தின் குறுக்கே கட்டிய கொடியில் காயப்போட்டிருந்தாள். கதவோரம் கணவனின் சட்டைகள், பிறகு அவளுடைய புடவை, பிறகு துண்டுகள், நடையோரம் சுண்டுவின் பாவாடை. மின்விசிறி ஓடவில்லை. முதல் சட்டை அசைந்தது. கீழ்நுனி மெல்ல உயர்ந்து, ஏதோ ஒன்றின் தலைமேல் கிடந்து, வழிந்து, இறங்கியது. இரண்டாவது சட்டை. புடவை ஒரு நீண்ட வளைவாக நெளிந்தது. ஒரு துண்டு. இன்னொரு துண்டு. அவசரம் இல்லை. அவளைப் பார்க்கவும் இல்லை. அது அவளுக்காக வரவில்லை.

சுண்டுவின் பாவாடை அசைந்தது.

நின்றது.

“ஹலோ? ஹலோ? கிளம்பிட்டியா?” போனில் மாமா.

அவள் நடையை நோக்கி ஓடினாள். நாலடி. நடையின் வாயில் கால் நின்றுவிட்டது. அவள் நிறுத்தவில்லை, கால் நின்றது. முகத்துக்கு நேரே அந்த வாடை சுவர் போல எழும்பியது. ஈரம். புளிப்பு. அடியில் ஏதோ இனிப்பு. அவள் பின்வாங்கினாள்.

மேசையில் ஒலி. பார்க்காமலே தெரிந்தது. பார்த்தாள்.

‘நடை.’

நடை விளக்கு அணையவில்லை. எரிந்துகொண்டே இருந்தது. வெளிச்சம்தான் வரவில்லை.

“அம்மா.”

“சுண்டு! எழுந்திரு! எழுந்து அம்மாகிட்ட ஓடி வா!”

“வரமாட்டேன். நடையில ஆள் நிக்கறாங்க.”

“யாரு?”

“தெரியல. என் பேரு என்னன்னு கேக்கறாங்க.”

“சொல்லாத! கண்ணு, சொல்லாத!”

“நான் சொல்லல.” குரல் காய்ச்சலில் இழுத்தது. “சொல்லாட்டி பரவால்லயாம். எந்தப் பேரச் சொன்னாலும் உங்கம்மா ஆமான்னுதான் சொல்லுவாங்களாம்.”

ஊசி இடம் கொடுக்காமல் நூல் நுழையாது என்று அம்மா சொல்வாள், இருவரையும் வைத்துக்கொண்டு. எப்போதும் அக்காவைப் பார்த்துத்தான் சொல்வாள்.

அவள் மேசைக்கு வந்தாள். பேனலைத் திறந்தாள். மெயில். அந்த மூலை. இரண்டு பொத்தான்கள், ஒன்றன் கீழ் ஒன்று. வாங்கிக்கொள். திருப்பி அனுப்பு.

கணக்கையே நிறுத்திவிடலாம். நிறுத்தினாலும் மெயில் திரும்பித்தான் போகும். அதுவும் ‘இல்லை’தான். உரிமையாளர் முகவரியை மாற்றலாம். ஆனால் ஒருமுறை மாற்றினால் அடுத்த மாற்றம் நாட்கணக்கில் பொறுத்துத்தான் நடக்கும். மேசையில் கவிழ்ந்து கிடந்த போனிலிருந்து மாமாவின் குரல் வண்டு போல முனகியது. என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை.

ஒலி.

‘உள் அறை.’

நடையில் வெளிச்சம் திரும்பி வந்தது. சாதாரண மஞ்சள் வெளிச்சம். நடை காலியாக இருந்தது.

வாடை போய்விட்டது. எங்கே போயிற்று என்று அவளுக்குத் தெரியும்.

“அம்மா,” என்றாள் சுண்டு. மிக மெல்ல. பக்கத்தில் தூங்குகிற யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பது போல.

அடுத்தது பெயர்தான். வேறு எதுவும் மிச்சமில்லை.

ஆமா என்று போகட்டுமா? முடியாது. அதைத் தவிர எதுவும். மாமா உயிரோடுதானே இருக்கிறார். டிவி பார்க்கிறார். பேசுகிறார். எங்கோ இருக்கட்டும். என்னிடம் இல்லாவிட்டாலும் இருக்கட்டும். அதோடு, மாற்றிய கையோடு ஓடினால், அது கேட்பதற்குள் தூக்கிவிடலாம். ஒவ்வொரு மெயிலுக்கும் நடுவில் இடைவெளி இருந்ததே. கேட்பதற்குள்.

அக்கா கல்நெஞ்சுக்காரி என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள். அக்காவும் இதே பொத்தானின் மேல் இப்படித்தான் விரலை வைத்துக்கொண்டு நின்றிருப்பாள்.

திருப்பி அனுப்பு.

சேவ்.

பச்சை எழுத்தில் வந்தது: மாற்றம் சேமிக்கப்பட்டது.

அவள் ஓடவில்லை. ஓட வேண்டும் என்று நினைத்தாள். கண் மட்டும் திரையிலேயே இருந்தது. ஒலிக்கிறதா என்று. ஒலிக்கவில்லை. மழை பெய்தது. துணிகள் அசையவில்லை. ஒலிக்கவில்லை. அவளுக்குள் ஒரு சின்ன நிம்மதி எட்டிப் பார்த்தது. நின்றுவிட்டது. அக்காவுக்கு நின்றது போல.

பிறகுதான் உறைத்தது. திருப்பப்படும் மெயில் பெட்டிக்கு வராது. ஒலிக்காது. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

ஓடினாள்.

நடை எந்தத் தடையும் சொல்லவில்லை. உள் அறைக் கதவு திறந்திருந்தது.

கட்டிலில் யாரும் இல்லை.

“சுண்டு.”

தலையணைமேல் நெற்றித்துணி. பாதி குடித்த தண்ணீர். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். அலமாரியைத் திறந்தாள். திரைச்சீலையை இழுத்தாள். கொக்கி தெறித்தது. குளியலறை. சமையலறை. திரும்பவும் அறை. “சுண்டு. சுண்டு. விளையாடாத. அம்மா அடிக்க மாட்டேன்.”

மழை மட்டும்.

மெத்தையில் கை வைத்தாள். சூடாக இருந்தது.

அப்போதுதான் பார்த்தாள். விரிப்பின் நடுவே ஒரு பள்ளம். சிறியது. முழங்காலை மடித்து ஒருக்களித்துக் கிடக்கும் உருவம். தலையணையில் இன்னொரு குழி. அந்தக் குழி இப்படியும் அப்படியுமாகப் புரண்டது. புரண்ட இடத்தில் விரிப்பில் வேர்வை ஈரமாகப் பரவியது. சின்னதாக, வட்டமாக.

அவள் இரண்டு கையையும் அந்தப் பள்ளத்துக்குள் விட்டாள். துணி. வெறும் துணி. அள்ளினாள். விரிப்புச் சுருங்கி வந்தது. பள்ளம் கையோடு வரவில்லை. மணிக்கட்டில் ஏதோ ஊர்ந்தது. மிக லேசாக. என்னவென்று உணர்வதற்குள் அவளுடைய மற்ற கை அதைத் தேய்த்து விட்டிருந்தது.

“இருக்கியா? சுண்டு, அம்மாடி, இங்கதான் இருக்கியா?”

சிறிய பள்ளம் அசைந்தது. அவள் பக்கமாக நகர்ந்தது. கட்டிலின் விளிம்புவரை வந்து, முழங்காலை இன்னும் மடித்து, அவள் வயிற்றுக்கு நேரே வந்து ஒடுங்கியது.

கட்டிலின் மறுபக்கம் கிரீச்சென்றது.

சுவரோரம் மெத்தை தாழ்ந்தது. மெதுவாக. கனமான ஓர் ஆள் உட்காருவது போல. உட்கார்ந்தது. பிறகு படுத்தது. விரிப்பு இழுபட்டது. கட்டிலின் முழு நீளத்துக்கும் ஒரு பள்ளம் விழுந்தது. கால்மாட்டைத் தாண்டி மரச்சட்டம் வளைந்தது. பெரிய பள்ளத்திலிருந்து ஒரு நீண்ட, கை போன்ற தடம் விரிப்பின்மேல் புறப்பட்டு, மடிப்பு மடிப்பாகத் துணியை அழுத்திக்கொண்டு, சிறிய பள்ளத்தை நோக்கி வந்தது. வந்து, அதன் மேல் படிந்து, தன் பக்கமாக இழுத்து அணைத்துக்கொண்டது.

தலையணையில் குழி புரள்வது நின்றது.